ரோபோ செய்த சப்பாத்து சிவனொளிபாதமலை ஏறுமா?

எட்டாங்கட்டை | தலவாக்கலை | இழையைத் தொடங்கியவர்

வணக்கம். கத்தாரில் இருக்கும் அண்ணன் மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜோடி மலையேறும் சப்பாத்து கொண்டுவந்து தந்தார். கனமான சோல், பெயர்போன கம்பனி (பெயர் வேண்டாம்). விசேஷத்துக்குப் போடலாம் என்று பெட்டியோடு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். இந்த சீசனில் நல்லதண்ணிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறும்போதுதான் முதன்முதலாகப் போட்டேன். பாதி மலை தாண்டவில்லை, வலது சோல் காய்ந்த கேக் மாதிரி உதிர ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் இடதும். ஐயாயிரத்துக்கும் மேலே படி இருக்கிறது! மிச்சத்தை ஒரு தேத்தண்ணிக் கடையில் வாங்கிய பாட்டாச் செருப்போடு ஏறி இறங்கினேன்.

ஹட்டனில் சப்பாத்து தைக்கும் ஐயா ஒருவரிடம் கொண்டுபோனேன். பெருவிரலால் சோலை அழுத்திப் பார்த்தார், விரல் உள்ளே போய்விட்டது. "தம்பி, மேலே தோல் புதுசு. கீழே ஒன்றுமில்லை. எதோடு எதைத் தைக்க?" என்றார்.

அன்று இரவே போனில் ஒரு வீடியோ வந்தது. ஆன் என்ற சுவிஸ் கம்பனியின் ரோபோ கை, கால் அச்சு ஒன்றின்மேல் சுற்றிச் சுற்றி ஒரே நூலைத் தெளிக்கிறது. சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் நூல், மூன்று நிமிடம், மேல்பாகம் முழுதும் தயார். வெட்டுத்துண்டு கிடையாது, தையல் கிடையாது. 2024இல் கென்யாவின் ஹெலன் ஒபிரி பொஸ்டன் மரதனை இதைப் போட்டுத்தான் வென்றார்.

இப்படி மெஷினே சப்பாத்து செய்தால் குப்பை குறையும், கரி (கரியமில வாயு) குறையும் என்கிறார்கள். உண்மையா, விளம்பரமா? என் அலுமாரிச் சப்பாத்துக்கு இதில் ஏதாவது பதில் இருக்கிறதா?

கட்டிங்ரூம் அக்கா | கொட்டகலை

தம்பி, நான் பியகமவில் பதினொரு வருடம் கார்மென்ட்ஸ் கட்டிங் ரூமில் நின்றவள். சப்பாத்துச் செய்ததில்லை, ஆனால் வெட்டுத்துண்டு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். துணி விரித்து மார்க்கர் (துண்டுகளை அடுக்கி வரையும் வரைபடம்) போடும்போது ஒரு சதவீதம் மிச்சம் பிடித்தாலே எங்கள் மேனேஜர் அன்று முழுக்கச் சிரித்த முகத்தோடு இருப்பார். அந்த ஒரு சதவீதம் மாதக் கடைசியில் எத்தனை ரோல் துணி என்று அவருக்குத் தெரியும்.

சப்பாத்தில் நேர்கோடு என்பதே இல்லை. நாக்கு, பக்கவாட்டு, குதிகால் எல்லாம் வளைவு. பழைய முறையில் இரும்பு டையை (வெட்டும் அச்சை) வைத்து அமுக்கி, பிஸ்கட் வெட்டுவது மாதிரி வெட்டுவார்கள். எவ்வளவு நெருக்கமாக வைத்தாலும் நடுவில் சந்து விழும். தோல் என்றால் இன்னும் கஷ்டம். மாடு முள்ளில் உரசிய தழும்பு, உண்ணி கடித்த ஓட்டை எல்லாம் இருக்கும். அதைத் தவிர்த்து வெட்ட வேண்டும், அப்படி வெட்டத் தெரிந்த ஆள் கிடைப்பது அபூர்வம். இப்போது கமரா தோலை முழுதாகப் படம் எடுக்கிறது. தழும்பு எங்கே என்று குறித்து, புரோகிராம் துண்டுகளைத் திருப்பித் திருப்பி அடுக்கிப் பார்த்துவிட்டு வெட்டுகிறது. தழும்புள்ள இடத்தை வெளியே தெரியாத உள்துண்டுக்கு ஒதுக்கிவிடும். கைதேர்ந்த ஆளும் இதைச் செய்வார், ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு அவர் கண்ணும் சோர்ந்துவிடும்.

அடுத்தது வெட்டவே தேவையில்லாத முறை, பின்னல். ஜப்பானின் ஷிமா செய்கி, ஜெர்மனியின் ஸ்டோல் போன்ற தட்டைப் பின்னல் மெஷின்களில் மேல்பாகத்தை அதன் வடிவத்திலேயே பின்னி எடுக்கலாம். நைக் 2012இல் ஃபிளைநிட் என்று இதைத்தான் கொண்டுவந்தது. வெட்டித் தைப்பதைவிடச் சுமார் 60 சதவீதம் கழிவு குறைவு என்பது அவர்களே சொல்லும் கணக்கு. கணக்கில் பாதியை நம்பினாலும் பெரிய விஷயம்.

சயன்ஸ் சார் | பண்டாரவளை

அக்கா சொன்னது கழிவு. தம்பி கேட்டதில் கரியும் இருக்கிறது, அதற்கு நான் வருகிறேன்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2013இல் ஒரு ஜோடி ஓட்டச் சப்பாத்தைப் பிரித்துப் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். 65 பாகங்கள், 360க்கும் மேற்பட்ட செய்முறைப் படிகள். ஒரு ஜோடிக்குச் சுமார் 14 கிலோ கரியமில வாயு. நூறு வாட் பல்பை ஒரு வாரம் அணைக்காமல் எரிய விட்டது மாதிரி. இதில் மூன்றில் இரண்டு பங்கு, மூலப்பொருளிலிருந்து வராமல், தொழிற்சாலைக்குள் நடக்கும் வேலையிலிருந்து வந்தது என்பதுதான் அவர்களையே ஆச்சரியப்படுத்தியது. சின்னச் சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு, தனிச் சூடு, தனி மெஷின். அதுவும் நிலக்கரி மின்சாரத்தில் ஓடுவது.

ஆகவே பாகங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதுதான் வழி. முப்பது துண்டை ஒன்றாகத் தைப்பதற்குப் பதில் ஒரே துண்டாகப் பின்னினால் இருபத்தொன்பது வேலை இல்லாமல் போகிறது. ரோபோ வந்ததால் கரி குறைந்தது என்று சொல்வதைவிட, படி குறைந்ததால் குறைந்தது என்பது சரி. முப்பது துண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு தைக்கும் அக்காவின் இடத்தில் மட்டும் ரோபோவை உட்கார வைத்தால் கரண்ட் பில் ஏறும், அவ்வளவுதான்.

இன்னொன்று, மெஷின் எந்தக் கரண்டில் ஓடுகிறது என்பது. தலவாக்கலைத் தம்பிக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மேல் கொத்மலை மின்நிலையம் 2012இல் வந்தபோது சென்கிளேயர் நீர்வீழ்ச்சியில் தண்ணீர் எப்படிக் குறைந்தது என்று அவர் கண்ணால் பார்த்தவர். 150 மெகாவாட் சும்மா வரவில்லை. நீர்மின்சாரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது, புகையில் தெரியாது, அருவியில் தெரியும்.

சும்மா கேக்குறேன் | மஸ்கெலியா

எல்லாம் சரி சார். கட்டுநாயக்காவுக்கும் பியகமவுக்கும் கார்மென்ட்ஸ் வேலைக்கு நம் தோட்டங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் போயிருக்கிறார்கள்? அந்த வேலையை மெஷின் எடுத்துக்கொண்டால் அதையும் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்ப்பீர்களா?

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2016இல் ஒரு அறிக்கை விட்டது. ஆடை, காலணித் துறையில் கம்போடியாவில் 88 சதவீத வேலைகளும் வியட்நாமில் 86 சதவீதமும் இந்தோனேசியாவில் 64 சதவீதமும் இயந்திரமயமாகும் ஆபத்தில் இருக்கின்றன என்று. நம் நாடு அந்த அறிக்கையில் இல்லை. அதனால் நமக்கு ஆபத்தில்லை என்று அர்த்தமா?

பதுளை மெயில் | எல்ல

ரோபோவுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுவார்களா?

கட்டிங்ரூம் அக்கா | கொட்டகலை

அதுக்காவது ஒழுங்காகக் கட்டட்டும்.

எட்டாங்கட்டை | தலவாக்கலை

மஸ்கெலியா அண்ணே, கேள்வி நியாயம். ஆனால் நான் தேடிப் படித்ததில் ஒன்று வேறு மாதிரி இருந்தது. அடிடாஸ் கம்பனி ஜெர்மனியில் அன்ஸ்பாக், அமெரிக்காவில் அட்லாண்டா என்று இரண்டு இடத்தில் ஸ்பீட்ஃபாக்டரி என்ற பெயரில் ரோபோத் தொழிற்சாலை கட்டியது. வருடத்துக்குத் தலா ஐந்து லட்சம் ஜோடி என்பது இலக்கு. வாங்குகிறவர் பக்கத்திலேயே செய்தால் கப்பலும் விமானமும் மிச்சம், தேவைக்கு மட்டும் செய்தால் குடவுனில் தேங்காது என்றார்கள். 2019 நவம்பரில் இரண்டையும் மூடப்போவதாக அறிவித்து, அந்தத் தொழில்நுட்பத்தை வியட்நாமிலும் சீனாவிலும் உள்ள தங்கள் சப்ளையர்களிடம் கொண்டுபோனார்கள். வேலை திரும்பி ஆசியாவுக்கே வந்துவிட்டது!

சும்மா கேக்குறேன் | மஸ்கெலியா

வந்தது மெஷின் தம்பி. அதோடு எத்தனை வேலை வந்தது?

மேலும், அடிடாஸ் அந்தக் காலத்தில் வருடத்துக்கு 40 கோடி ஜோடிக்கு மேல் செய்தது. இரண்டு தொழிற்சாலையும் முழு மூச்சாக ஓடினாலும் பத்து லட்சம். ஊறுகாய் அளவு. அதை வைத்துப் பூமியைக் காப்பாற்றுகிறோம் என்று எத்தனை மேடையில் பேசினார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஊசிநூல் | ஹட்டன்

இந்த இழையை மூன்று நாளாக வாசிக்கிறேன். எட்டாங்கட்டை பார்த்த ஐயா என் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் அவருக்குத்தான்.

அந்தச் சப்பாத்துக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். சோல் பி.யூ. என்கிற பொலியூரிதேன். அதில் ஒரு வகை, காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். போட்டாலும் போடாவிட்டாலும் நடக்கும். நம் ஊர் மூடுபனியில், பெட்டிக்குள், அலுமாரிக்கு மேலே மூன்று வருடம் வைத்தால் கேட்கவா வேண்டும்! மழைக்காலம் முடிந்தால் அப்பாவிடம் இப்படி மாதத்துக்கு நாலைந்து ஜோடி வரும். எல்லாம் "ஒருதடவைகூடப் போடலைங்க" ரகம்.

இப்போது இழையின் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதிரிச் சோலைப் பெரும்பாலும் ஆள் கையால் ஒட்டுவதில்லை. வட்டமாகச் சுழலும் பெரிய மெஷின் இருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு அச்சு, அதில் தைத்த மேல்பாகத்தை மாட்டுவார்கள். திரவ பி.யூ. நேரடியாக அதன் அடியில் ஊற்றப்பட்டு, பொங்கி, இறுகி, ஒட்டிக்கொள்ளும். பசை வேண்டாம், சோல் வெட்டிய கழிவு இல்லை, ஆளும் குறைவு. அக்காவும் சாரும் சொன்ன கணக்கில் பார்த்தால் இது நூற்றுக்கு நூறு வாங்கும் முறை.

ஆனால் சோல் போனால் சப்பாத்தே போனது. மேல்பாகத்துக்கும் சோலுக்கும் நடுவில் தையலும் இல்லை, பிரிப்பதற்கு விளிம்பும் இல்லை. அப்பா குத்தூசியை எங்கே குத்துவார்? வெல்ட் (மேல்பாகத்தையும் சோலையும் சேர்க்கும் ஓர வார்) வைத்துத் தைத்த பழைய தோல் சப்பாத்து கடையில் ஒன்று இருக்கிறது, ஒரு ஓய்வுபெற்ற டீமேக்கருடையது (தேயிலைத் தொழிற்சாலை அதிகாரி). நாலாவது சோல் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதைச் செய்தபோது எவ்வளவு தோல் வீணாகியிருக்கும் என்று தெரியாது. நாலு சப்பாத்துக்குப் பதில் ஒன்று ஓடுகிறது என்பது தெரியும்.

வெல்ட் தையலும் மெஷின் தையல்தான், மறக்க வேண்டாம். மெஷின் மேல் அப்பாவுக்குக் கோபம் கிடையாது. தைக்கிற மெஷின் வேறு, ஊற்றுகிற மெஷின் வேறு என்பார்.

சயன்ஸ் சார் | பண்டாரவளை

ஊசிநூல் தம்பி, உங்கள் அப்பாவை வகுப்புக்குக் கூப்பிட வேண்டும்.

நான் முன்னே சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். 14 கிலோ என்பது ஒரு ஜோடிக்கு. அதை எத்தனை மாதம் போட்டோம் என்பதால் வகுத்தால்தான் அர்த்தம் வரும். மெஷினால் 14ஐப் பத்தாகக் குறைத்து, ஆயுளையும் பாதியாகக் குறைத்தால் நஷ்டம்.

ஒரு பழைய கதையும் ஞாபகம் வருகிறது. சூரினாமில் பிறந்து அமெரிக்காவின் லின் நகரத்துக்கு வந்த யான் மாட்செலிகர் என்ற கறுப்பினத் தொழிலாளி, மேல்பாகத்தை அச்சின்மேல் இழுத்துச் சோலோடு பிடிக்க வைக்கும் மெஷினுக்கு 1883இல் காப்புரிமை வாங்கினார். கைதேர்ந்தவர் நாளுக்கு ஐம்பது ஜோடி செய்த இடத்தில் அது 150 முதல் 700 வரை செய்தது. விலை பாதியாக விழுந்தது, வெறுங்காலோடு திரிந்தவர்கள் சப்பாத்துப் போட்டார்கள். அவர் 36 வயதில் காசநோயில் இறந்துபோனார். மெஷின் வந்தால் சப்பாத்து குறையாது, கூடும் என்பதற்குச் சொல்கிறேன். இன்றைக்கு உலகம் வருடத்துக்கு 2000 கோடி ஜோடிக்கு மேல் செய்கிறது.

கொழுந்துக்கூடை | பொகவந்தலாவை

எல்லாரும் சப்பாத்து பற்றிப் பேசுகிறீர்கள். என் அம்மா இருபத்தாறு வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். காலில் பாட்டா. வார் பிடுங்கிக்கொண்டு வந்தால் அடியில் ஊக்குக் குத்தி இன்னொரு மாதம் ஓட்டுவார். ஊக்கு தேய்ந்து பாதத்தில் ஏறிய தழும்பும் இருக்கிறது. மழைக்காலத்தில் அட்டைக்குச் சோப்பும் உப்பும். ரப்பர் பூட்ஸ் வாங்கினால் உள்ளே தண்ணீர் போய்ச் சளசளவென்று நிற்கிறது, சரிவில் வழுக்குகிறது என்று கழற்றிவிட்டார்.

அம்மாவின் காலணியைப் போல மிச்சமாகப் பயன்படுத்திய காலணி உலகத்தில் இருக்காது. அதற்கு யாரும் விருது கொடுக்கவில்லை.

ரோபோ வந்தால் செங்குத்துச் சரிவில், ஈரத்தில், எட்டு மணிநேரம் நிற்கிற காலுக்கு ஒரு சோல் செய்யட்டும். மரதன் ஓடுகிறவருக்கு ஏற்கெனவே எல்லாம் இருக்கிறது.

எட்டாங்கட்டை | தலவாக்கலை

தங்கச்சி, இதை நான் யோசிக்கவே இல்லை.

பேராதனை லேப் | கண்டி

பசை பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை, அதனால் வருகிறேன். ஒட்டுச் சப்பாத்துத் தொழிற்சாலையில் ஆட்களுக்கு நேரடியாகக் கேடு செய்வது பசையில் உள்ள கரைப்பான்கள். டொலுவீன், ஹெக்சேன் போன்றவை. 1960, 70களில் ஜப்பானிலும் இத்தாலியிலும் செருப்புச் செய்தவர்களுக்குக் கைகால் நரம்பு செத்துப்போனதற்கு ஹெக்சேன் கலந்த பசைதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். வீட்டுக்குள்ளே, ஜன்னலை மூடிக்கொண்டு ஒட்டியவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

இங்கே ரோபோவுக்கு நான் தயங்காமல் ஓட்டுப் போடுவேன். கமரா சோலின் விளிம்பைப் பார்த்து, தேவையான கோட்டில் தேவையான அளவு மட்டும் பசை வைக்கும். மூச்சில் ஏறுவதும் குறையும், தரையில் வழிவதும் குறையும். நீர் சார்ந்த பசைக்கு மாறுவதும் சுலபமாகும். அந்தப் பசை காயும் சூட்டையும் நேரத்தையும் பிசகாமல் பிடிக்க வேண்டும், மெஷினுக்கு அது கைவந்த வேலை. மஸ்கெலியா அண்ணே, இந்த ஒரு வேலை மெஷினுக்குப் போனால் நான் அழமாட்டேன்.

பிரிப்பது பற்றியும் ஒன்று. அடிடாஸ் 2019இல் லூப் என்று ஒரு சப்பாத்தைக் காட்டியது. நூல், சோல், கயிறு எல்லாமே டி.பி.யூ. என்ற, சூட்டில் உருகும் ஒரே பிளாஸ்டிக் பொருள். பசை இல்லை, சூட்டால் சேர்த்தது. தேய்ந்தபின் திருப்பிக் கொடுத்தால் அரைத்து உருக்கி மறுபடி பொருளாக்கலாம். நம் ரப்பரை இப்படி உருக்க முடியாது. கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர், பொரித்த முட்டை மாதிரி, திரும்பப் பச்சையாகாது.

சும்மா கேக்குறேன் | மஸ்கெலியா

பசைக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் அந்த லூப்பை மஸ்கெலியாவிலிருந்து திருப்பி அனுப்பத் தபால் செலவு யார் தருவார்? பஸ் ஸ்டாண்டில் பழைய இரும்பு எடுக்கிறவர்கூடச் சப்பாத்தைத் தொடமாட்டார்.

வெளிநாட்டில் விற்காத புதுச் சப்பாத்தை எரிப்பார்களாம், அதையும் பேசுங்கள்.

பேராதனை லேப் | கண்டி

அதற்கு ஐரோப்பாவில் சட்டம் வந்துவிட்டது. விற்காத ஆடையையும் காலணியையும் அழிக்கப் பெரிய கம்பனிகளுக்கு 2026 ஜூலை 19 முதல் தடை. தானியங்கி முறைக்கு இது ஒரு தள்ளுதல். ஆறு மாதத்துக்கு முன் ஊகித்து லட்சம் ஜோடி செய்வதற்குப் பதில், ஆர்டர் வந்தபின் செய்யத் தொடங்குவார்கள்.

வலைத்துணி | நாவலப்பிட்டி

பின்னல் மெஷின் பழுதுபார்க்கும் வேலை எனக்கு. ஒரு யோசனை, திட்டாதீர்கள். களுத்துறை, கேகாலைப் பக்கம் ரப்பர் இருக்கிறது. கார்மென்ட்ஸில் பழகிய கைகள் கொட்டகலையிலிருந்து பதுளை வரை இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் வெள்ளைச் சப்பாத்து தேவை. நாலு பின்னல் மெஷினோடு ஒரு சின்னப் பட்டறை. மேல்பாகம் மெஷின் பின்னும், சோலை வெளியே வாங்கித் தைப்பது. ஒட்டுவதில்லை, தைப்பது. சோல் தேய்ந்தால் சோலை மாற்றலாம். ஒரு ஆள் ஆறேழு மெஷினைப் பார்த்துக்கொள்ளலாம்.

தொந்தரவையும் நானே சொல்கிறேன். இந்த மெஷினில் ஆயிரத்துக்கு மேல் ஊசி. ஒன்று வளைந்தாலும் துணியில் ஓட்டை ஓடும். ஈரக் காற்றில் நூலின் இழுவை மாறும், நாவலப்பிட்டியில் எனக்கு அதுதான் பாதி வேலை. மெஷினின் மின்னணு போர்ட் எரிந்தால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் கரண்ட் போனபோது பின்னிக்கொண்டிருந்த துண்டு முழுதும் நடுவில் அறுந்து குப்பைக்குப் போனது. அந்த வருடம் எங்கள் கழிவு எந்த விளம்பரக் கணக்கிலும் வராது.

கட்டிங்ரூம் அக்கா | கொட்டகலை

பிள்ளைகள் சப்பாத்துக்குச் சோல் மாற்றுவதற்குள் கால் வளர்ந்துவிடும் தம்பி. அதற்குப் பதில் தாய்மார் மலைக்குப் போடுவதற்குச் செய். பொகவந்தலாவைத் தங்கச்சி சொன்னதை வாசித்தாயா? அது தண்ணீர் நிற்காமல் வடிய வேண்டும், பின்னலுக்கு அது வரும். அட்டை நுழையக்கூடாது, பின்னலை நெருக்கினால் அதுவும் வரும். பிடிமானம் சோல்காரர் பாடு.

வலைத்துணி | நாவலப்பிட்டி

அக்கா, வடிவதும் நெருக்குவதும் ஒன்றையொன்று இழுக்குமே. ஆனாலும் முயற்சி செய்து பார்க்கலாம். ஓய்வாக நிற்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. கொழுந்துக்கூடை, அம்மாவின் கால் அளவு, நீளம் மட்டுமில்லை, விரல் விரிந்த அகலமும் அனுப்ப முடியுமா? தாளில் காலை வைத்துப் பென்சிலால் சுற்றிவரைந்தால் போதும்.

கொழுந்துக்கூடை | பொகவந்தலாவை

வரைந்தேன். அம்மா "எதுக்குடி என் காலை வரையிற" என்று சிரிக்கிறார். அகலம் கடைச் சப்பாத்து எதிலும் அடங்காது, சொல்லிவிட்டேன்.

எட்டாங்கட்டை | தலவாக்கலை

அந்தத் தோல் மேல்பாகத்தை நான் இன்னும் எறியவில்லை. ஊசிநூல், அடிப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஓரத்தில் ஒரு வார் வைத்துத் தைத்து, ரப்பர் சோல் போட முடியுமா என்று அப்பாவிடம் கேட்பீர்களா? ஞாயிறு ஹட்டன் வருகிறேன்.

ஊசிநூல் | ஹட்டன்

கேட்டேன். பார்த்துத்தான் சொல்ல முடியும் என்கிறார். புதுச் சப்பாத்து விலையில் பாதி வரும், அதற்கும் தயாரா என்று கேட்கச் சொன்னார். ஞாயிறு போயா, கடை பூட்டு. திங்கள் வாருங்கள். நன்றாக வெயிலில் காயவைத்துக் கொண்டுவரவும், வெயில் வந்தால்.